இருப்பவனுக்கு இரங்கல்

ஸிட் பாரெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்.எஸ்.டி.யில் ஆரம்பித்துப் பைத்தியத்தில் முடிக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. என்னை உறுத்துவது இரண்டு நாட்கள்.

1968 ஜனவரி. பிங்க் ஃப்ளாய்ட் குழு ஸௌதாம்ப்டனில் வாசிக்கக் கிளம்புகிறது. குழுவின் பாடகன், முதல் இசைத்தட்டின் பெரும்பாலான பாட்டுக்களை எழுதியவன், மேடையில் கிதாரை வெறுமே பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தான். வயது 22. போகிற வழியில் அவனை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று வண்டியிலிருந்தவர்கள் தீர்மானித்தார்கள். சண்டையில்லை. வண்டி அவன் வீட்டுப்பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

1975 ஜூன் 5. லண்டன், ஆபி ரோடு ஸ்டூடியோ. அவனை நினைத்து எழுதிய நீண்ட பாட்டின் ஒலிப்பதிவு வேலை. தலையும் புருவமும் மழித்த, பருத்த ஓர் ஆள் உள்ளே வந்து நிற்கிறான். பழைய நண்பர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபின் அழுதார்கள்.

விதியின் விளையாட்டு என்று இதில் நெகிழ்ந்துபோவது சுலபம். அந்தப் பாட்டு யாருக்காக என்பதே என் கேள்வி. அதற்கு வேண்டியிருந்தது அவனுடைய இல்லாமை. வந்து நின்ற ஆள் அதற்கு இடைஞ்சல். பாட்டு பொய் என்று நான் சொல்லவில்லை. (நல்ல பாட்டு. பலமுறை கேட்டிருக்கிறேன்.) நண்பர்களைக் குற்றவாளிகளாக்கவும் எனக்கு மனமில்லை. 1970ல் வந்த அவனுடைய இரண்டு தனி இசைத்தட்டுக்களுக்கும் கூடவிருந்து பாடுபட்டவர்கள் இவர்களில்தான் இருந்தார்கள். கைவிட்டதும் தாங்கிப்பிடித்ததும் ஒரே கைகள். இந்த முரணைத் தாங்கமுடியாமல்தான் நாம் பைத்தியக் கதைக்குத் தாவுகிறோம் என்று படுகிறது.

எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. நிறுத்திவிட்டவனின் மௌனத்தையும் ஒரு படைப்பாக எண்ணி வியாக்யானம் செய்வோம். பாரெட் கேம்ப்ரிட்ஜுக்கே திரும்பி, இயற்பெயரான ரோஜரில் பல்லாண்டுகள் வாழ்ந்தான். தோட்டவேலை செய்தான். படம் வரைவான், புகைப்படம் எடுத்துக்கொள்வான், படத்தை எரித்துவிடுவான். இதில் நமக்கான செய்தி ஏதுமில்லை. நமக்கு அனுப்பாத கடிதத்தை நாம் ஏன் பிரிக்கவேண்டும்? ஆனாலும் ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் அவன் கைவிட்ட பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

2006 ஜூலை 7ல் இறந்தான். அதே நவம்பரில் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன: சைக்கிள்கள், அவனே செய்துகொண்ட மரச்சாமான்கள். போட்டிபோட்டு வாங்கினார்கள்.