வில் எங்கே போனது?

டிஸ்னி இளவரசிகள் பெண்குழந்தைகளைக் கெடுக்கிறார்கள் என்று பேசும்போது, படத்தையும் கடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2012இல் வந்த 'பிரேவ்' படத்தின் மெரிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடங்காத சுருட்டை முடி, உருண்டை முகம். அவளை மணக்க மூன்று குலத்துப் பிள்ளைகள் வில்வித்தைப் போட்டிக்கு வருகிறார்கள். 'என்னை வெல்ல நானே போட்டியிடுகிறேன்' என்று இவளே களத்தில் இறங்குகிறாள். அம்மா உடுத்திவிட்ட இறுக்கமான கவுன் கையை ஓங்கவிடவில்லை. தையல் கிழிய நாணை இழுத்து அம்பு விடுகிறாள். அடுத்த ஆண்டே டிஸ்னி தன் இளவரசிகள் வரிசையில் அவளைச் சேர்த்தபோது இடுப்பு ஒடுங்கி, தோள் தெரியும் மினுமினுப்பான கவுனோடு ஒரு புதுப் படம் வந்தது. கையில் வில்லைக் காணோம். அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மனே கண்டித்தார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

இந்த வரிசை ஒரு வியாபாரி கண்ட யோசனை. நைக்கியிலிருந்து டிஸ்னிக்கு வந்த ஆண்டி மூனி, பனிச்சறுக்கு நிகழ்ச்சி ஒன்றுக்கு வீட்டில் தைத்த இளவரசி உடையோடு சிறுமிகள் வந்திருந்ததைக் கவனித்தார். அவ்வளவுதான். 2001இல் 30 கோடி டாலராக இருந்த விற்பனை 2006இல் 300 கோடியைத் தொட்டது. அந்நாளில் பைகளிலும் பெட்டிகளிலும் இளவரசிகள் கூட்டமாக நிற்பார்கள், ஆனால் ஒருத்தி கண்ணை இன்னொருத்தி பார்க்கமாட்டாள். அவரவர் கதை குலையக்கூடாதாம்! கதையை முழுக்கக் கழற்றிவிட்டு கவுனை மட்டும் விற்பவர்களுக்கு இப்படியொரு அக்கறை.

படங்களுக்கு நான் வக்கீல் இல்லை. 'லிட்டில் மெர்மெய்ட்' நாயகி காதலுக்காகக் குரலையே விற்கிறாள். அந்தப் படத்தில் பேசப்படும் சொற்களில் 68 சதவீதம் ஆண்களுடையவை என்று மொழியியலாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. 3 முதல் 6 வயது வரையான 121 சிறுமிகளில் ஒரு பகுதியினருக்கு அழகைப் பற்றிய கார்ட்டூன் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சிகளால் தங்கள் உடல் மீது அவர்களுக்கு அதிருப்தி கூடவில்லை. ஆனால் குண்டாகிவிடுவோமோ என்ற கவலை கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் இருந்தது. ஆறு வயதுக்குள் அதை யார் கொண்டுவந்து கொடுத்தது?

அமெரிக்க வீடுகளைப் பற்றி நான் சொல்ல முடியாது. நம் வீட்டுக் கல்யாணங்களில் அந்தக் கவலை பந்திக்கு முன்பே பரிமாறப்படுகிறது. "வெயில்ல ஆடி எப்படிக் கறுத்துட்டா பாரு", "இப்பவே பூசினாப்ல ஆயிட்டாளே" என்று சொல்பவர்கள் எல்லோரும் பாசக்காரர்கள்தான். குழந்தை பக்கத்திலேயே நிற்கும்.

என் தங்கை மகள் பிறந்தநாளுக்கு, எதையும் பனியாக்கிவிடும் டிஸ்னி நாயகி எல்சாவின் கவுன் போட்டிருந்தாள். வந்தவர்கள் வரிசையாக "எவ்ளோ அழகு!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள், அவள் நெளிந்தாள். அவளுடைய பெரியப்பா மட்டும், "எங்கே, என்னை ஐஸாக்கு பார்ப்போம்" என்றார். கையை நீட்டினாள். காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நிலையிலேயே அவர் சிலையாக நின்றுவிட்டார். பிறகு அவள் யாரையும் விடவில்லை. கேக் வெட்டக் கத்தியோடு வந்த தாத்தா வரை எல்லோரையும் உறையவைத்துக்கொண்டிருந்தாள்.