தௌபாவும் பரிசோதனையும்

தகாத உறவில் வீழ்ந்து தௌபாச் செய்தவர், "அல்லாஹ் மறைத்த பாவத்தை, எய்ட்ஸ் பரிசோதனைக்குப் போய் நாமே வெளிப்படுத்தலாமா?" என்று அஞ்சுவதுண்டு.

பாவத்தை மறைப்பது வேறு, நோயை மறைப்பது வேறு என்போம். தௌபா அல்லாஹ்வின் ஹக்கு. ஒன்றுமறியாத மனைவியின் உடல்நலமோ அடியாரின் ஹக்கு. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தனர். அதன்பின் கணவனைத் தவிர வேறெவரையும் அறியாத மனைவியர் பலர் இதற்கு ஆளாயினர்.

பரிசோதனை பாவத்தைப் பறைசாற்றாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை இரகசியமாகக் காக்கிறது. அரசு நம்பிக்கை மையங்களில் கட்டணமுமில்லை. 72 மணி நேரத்துக்குள் சென்றால் தடுப்பு மருந்துண்டு. பிந்தியவர் மூன்று மாதம் கழித்து மறுமுறையும் பார்த்தல் வேண்டும். அதுவரை மனைவியை விட்டு விலகியிருப்பது கடமை.

கரிவலம்வந்தநல்லூரில் தெரிந்தவர் கண்ணுக்கு அஞ்சுகிறவர் தென்காசிக்குப் போகட்டும். பாவத்தை மறைக்கலாம், பிறருக்கு வரும் தீங்கை மறைக்கலாகாது.