ஆசிரியர் மௌனமும் அறப்பொறுப்பும்

பிள்ளையை முதன்முதலாகப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் தந்தை, கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கூறிய காலம் ஒன்று தமிழ்க் கிராமங்களில் இருந்தது. அக்கூற்றில் நகைச்சுவை உண்டு. அதனுள் ஓர் ஒப்பந்தமும் அடங்கியுள்ளது. பெற்றோர் தம் அதிகாரத்தை ஏறத்தாழ முழுமையாகவே கைமாற்றுகின்றனர். ஆசிரியர் அதனை எல்லை கேளாது ஏற்றுக்கொள்கின்றார். ஒப்பந்தத்தின் பொருளாகிய பிள்ளையை எவரும் எதுவும் கேட்பதில்லை. அங்கே உண்மையிற் கையளிக்கப்பட்டது அதிகாரமா, நம்பிக்கையா என்னும் வினாவிலேயே பாடசாலையிற் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய சிந்தனை தொடங்குதல் வேண்டும்.

அதிகாரம் எனின், அதனைத் தாம் தவறாகப் பயன்படுத்தாதிருப்பதோடு ஒவ்வோர் ஆசிரியரின் கடமையும் முடிந்துவிடும். நம்பிக்கை எனின், நிலைமை முற்றிலும் வேறாகின்றது. கோயிற் சொத்தைத் தான் தொடவில்லை என்று மட்டும் சொல்லி ஒரு தர்மகர்த்தா தப்பிவிட முடியாது. உடனிருந்தவர் அதனைக் கவர்ந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் ஊர் கேட்கும். காசுக்கும் நகைக்கும் கேட்கப்படும் இக்கேள்வி பிள்ளைகளின் பொருட்டு அவ்வளவு எளிதாகக் கேட்கப்படுவதில்லை என்பது சிந்தனைக்குரியது.

தமிழ் மரபு ஆசிரியரைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றது. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகின்றார். ஆசிரியராகத் தகாதோர் யாவர் என்பதற்கும் உவமைகள் தருகின்றார். மாணாக்கனுக்கு அவர் வகுக்கும் நெறியில் ஒன்று உற்றுநோக்கத்தக்கது. குளிர்காய்பவன் நெருப்பைவிட்டு அகலாமலும் அதனை மிக நெருங்காமலும் இருப்பதுபோல மாணாக்கன் ஆசானிடத்து ஒழுகவேண்டும் என்பது அது. உரிய தூரத்தைப் பேணும் கடமை இங்கு மாணாக்கன் மீதே சுமத்தப்படுகின்றது. நெருப்பு சுட்டால் நெருங்கியவன் பிழை. இன்றைய சிறுவர் பாதுகாப்புக் கொள்கை இச்சுமையைத் திருப்பி வைக்கின்றது: பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எல்லை தெரியாமலிருக்கலாம், ஆசிரியருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆயினும் நன்னூலாரை இவ்விடத்திற் பழைமைவாதி என ஒதுக்கிவிடுவது நேர்மையன்று. ஆசான் மகிழும்வண்ணம் நடப்பதே வழிபாடு என்று கூறுமிடத்து, அது அறத்தினின்று பிறழாததாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் உடன் வைக்கின்றார். மரபின் பெயரால் அடிபணிவை வேண்டுவோர் அந்நிபந்தனையை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

சட்டமும் நெடுந்தூரம் நடந்தே இவ்விடத்துக்கு வந்தது. 1883ஆம் ஆண்டு ஆக்கப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, நியாயமான தற்றுணிபின்படி மாணவனைப் பிரம்பாலடிக்கும் ஆசிரியர் குற்றமுறையான வலுவைப் பிரயோகிப்பவர் ஆகார் என ஓர் எடுத்துக்காட்டையே தந்தது. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 1995இல் சிறுவருக்குக் கொடுமை இழைத்தல் தனிக்குற்றமாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. 2005இற் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. சுற்றுநிருபம் வந்தபின்னரும் பிரம்பு பல பாடசாலைகளில் மேசையிலிருந்து இலாச்சிக்குள் மட்டுமே இடம்மாறியது என்பது வேறு கதை.

2017இல் ஓர் ஆசிரியர் அறைந்ததாற் காது பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில் 2021ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வகையில் முக்கியமானது. கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்துகைக்கு எதிராக அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் காப்பு வகுப்பறைக்குள்ளும் செல்லும் என்பதை அது நிலைநாட்டியது. அடித்த ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்தவேண்டுமெனப் பணிக்கப்பட்டது. கை ஓங்கியவர் ஒருவர். பெருந்தொகை செலுத்தப் பணிக்கப்பட்டதோ அவரை அவ்விடத்தில் நிறுத்திய அமைப்பு. தனியொருவரின் தீவினையோடு பொறுப்பு முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும், பலர் முன்னிலையில் விழும் அடியைப் பற்றி முடிவுக்கு வருவது ஓரளவு எளிது. மறைவில் நிகழ்வதே கடினமான வினாவை எழுப்புகின்றது. ஒரு நிலைமையை எண்ணிப் பார்க்கலாம். எட்டாந் தரத்துச் சிறுமி ஒருத்தி சில வாரங்களாக வாய்திறப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆசிரியரின் மேலதிக வகுப்பு நாட்களில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுகின்றாள். பாடசாலை கலைந்தபின் அவ்வாசிரியரின் அறைக்கதவு மூடியிருந்ததை வேறோர் ஆசிரியை இருமுறை கண்டிருக்கின்றார். மூடிய கதவுக்குப் பின்னிருப்பவரோ நல்ல பெறுபேறுகளைப் பெற்றுத்தருபவர், அதிபரின் நம்பிக்கைக்குரியவர், ஊர்த் திருவிழாவில் முன்னிற்பவர். ஆசிரியையிடம் சான்று என ஒன்றுமில்லை. ஓர் ஐயம் மட்டுமே உண்டு.

அவர் பேசாமலிருப்பதற்கு முதலாவதாகச் சொல்லப்படும் நியாயம், உறுதியாகத் தெரியாமல் ஒருவர்மீது எவ்வாறு பழிசுமத்துவது என்பதாகும். இது அற்பமான நியாயமன்று. பொய்ப்பழியால் வாழ்விழந்த ஆசிரியரும் இருக்கக்கூடும்; ஊர்வாய்க்கு ஒருமுறை அகப்பட்ட பெயர் மீள்வது அரிது. ஆனால் இந்நியாயம் இரு வேறு செயல்களை ஒன்றாகக் குழப்புகின்றது. ஆசிரியர் அறையிற் கிசுகிசுப்பது பழிசுமத்தல். கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி உரியவரிடம் ஒப்படைப்பது அறிவித்தல். அறிவிப்பவர் நீதிபதி அல்லர். விசாரிப்பதும் குற்றமா இல்லையா எனத் தீர்ப்பதும் வேறொருவர் பணி. மாறாக, ஐயத்தைத் தம் நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்பவர்தான் நீதிபதியின் ஆசனத்தில் அமர்கின்றார். விசாரணையின்றி, பிள்ளையின் வாய்மொழியும் கேளாமல், ஒன்றும் நிகழவில்லை என்று தீர்ப்பெழுதிவிடுகின்றார். குற்றமற்ற ஆசிரியருக்குங்கூட இத்தீர்ப்பால் நன்மையில்லை. முறையான விசாரணையொன்றே அவர்மீதுள்ள நிழலைப் போக்கவல்லது.

இரண்டாவது நியாயம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. பாடசாலையின் நற்பெயர் என்பது அது. ஜேர்மனியத் தத்துவஞானி கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதரை வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தலாகாது என்ற கோட்பாட்டை முன்வைத்தார். ஒரு பிள்ளையின் துயரை மறைத்து நிறுவனத்தின் பெயரைக் காக்கும்போது அப்பிள்ளை நற்பெயருக்கான கருவியாகின்றது. அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை இயங்கிய அரச ஆணைக்குழு, பாடசாலைகள், தேவாலயங்கள், சிறுவர் இல்லங்கள் ஆகியவற்றில் நிகழ்ந்த பாலியற் கொடுமைகளை ஆராய்ந்து, தனியமர்வுகளில் 8,000இற்கும் மேற்பட்டோரைச் செவிமடுத்தது. பல நிறுவனங்கள் பிள்ளைகளின் நலத்தினும் தம் பெயரையே முதன்மையாகக் கொண்டிருந்தன என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. தமக்கு நேர்ந்ததை வெளியிடுவதற்குப் பாதிக்கப்பட்டோர் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் எடுத்திருந்தனர் என்பதையும் அது கண்டது. பிள்ளையாக இருந்தவர் நடுத்தர வயதை அடையும்வரை மௌனம் நீடித்தது என்பதே இதன் பொருள்.

இந்நற்பெயர் வழிபாட்டின் உள்ளூர்ச் சடங்கு இடமாற்றம் எனலாம். புகார் எழுந்த ஆசிரியர் சத்தமின்றி வேறொரு பாடசாலைக்கு அனுப்பப்பட்டால் அதிபர் நிம்மதியடைகின்றார், பெற்றோர் ஓய்கின்றனர். புதிய பாடசாலையின் பிள்ளைகளுக்கோ அவரைப் பற்றி எவரும் எதுவும் சொல்வதில்லை. அப்பாடசாலை பெரும்பாலும் பின்தங்கிய ஊரிலே, கேள்வி கேட்க வலுவற்ற பெற்றோரின் பிள்ளைகள் படிப்பதாக அமைந்துவிடுவது தற்செயலன்று. ஓரிடத்து மௌனத்தின் விலையை இன்னோரிடத்து ஏழைப் பிள்ளை செலுத்துகின்றது.

ஆசிரியையின் அச்சத்தையும் இங்கு இழிவாக எண்ணலாகாது. புதிதாக நியமனம் பெற்றவர் அதிபரைப் பகைத்துக்கொண்டு காலந்தள்ளுவது எளிதன்று. சிறிய ஊரிற் சம்பந்தப்பட்டவர் உறவினராகவும் இருப்பார். ஆதலால் துணிவை மட்டும் தனிமனிதரிடம் எதிர்பார்க்கும் அமைப்பு தன் கடமையைத் தட்டிக்கழிக்கும் அமைப்பாகும். யாரிடம் அறிவிப்பது, அவரே சம்பந்தப்பட்டவராயின் அடுத்து யாரிடம் செல்வது என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அறிவித்தற் பலகையில் இருந்தாற் போதாது. அதனை அழைத்தவரைக் காக்கும் அதிபரும் இருக்கவேண்டும். இக்கடப்பாடு ஆசிரியருக்கு மட்டும் உரியதுமன்று. பிள்ளை தன் துயரைச் சொல்லத் தெரிவுசெய்பவர் சிற்றுண்டிச்சாலைப் பெண்ணாகவோ காவலாளியாகவோ இருக்கலாம்; அவர்களுக்கு எவரும் எதுவும் கற்பிப்பதில்லை.

மிகவும் நுண்ணிய சிக்கல் இறுதியில் வருகின்றது. மேற்கூறிய சிறுமி ஒருநாள் அவ்வாசிரியையிடம் வந்து, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ ரீச்சர்" என்று தொடங்குகின்றாள் எனக் கொள்வோம். வாக்களித்தால் அவள் பேசுவாள். அளித்த வாக்கைக் காத்தால் அவளைக் காக்க முடியாது. வாக்கை மீறினால், பெரியவர் ஒருவரால் ஏற்கனவே வஞ்சிக்கப்பட்ட பிள்ளை இன்னொரு பெரியவராலும் வஞ்சிக்கப்பட்டதாகவே உணர்வாள். ஆகவே வாக்களியாதிருத்தலே நேரிய வழி. கேட்பதையெல்லாம் தன்னிடமே வைத்திருக்க இயலாது, ஆனால் யாரிடம் சொல்வேன், ஏன் சொல்வேன் என்பதை உனக்கு முதலிற் சொல்வேன் என்று ஆசிரியை அவளுக்கு விளக்கவேண்டும். பின்னர் துருவித் துருவிக் கேளாமல், அவள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளவேண்டும். இவ்வாறு கூறியதும் அச்சிறுமி பேசாமலே எழுந்து போய்விடவுங் கூடும். அப்போதும் அவள் வாய்திறக்க வந்தாள் என்பதும், அந்த மூடிய கதவும், வயிற்றுவலி வந்த நாட்களும் ஆசிரியை அறிந்தவையே. அன்று மாலை வீடு திரும்புமுன் அதிபரின் அறைக்கு அவர் எடுத்துச் செல்லவேண்டியவை அவை.