பந்தி நேரத்துக் குச்சிகள்

கச்சிராயபாளையத்தில் ஒரு புதுமனை புகுவிழா. பந்திக்கு ஆள் கூப்பிடும் நேரம் பார்த்து, மாமா சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்டு சுற்றிய ஐஸ் குச்சிக் கட்டை எடுத்துப் பல்லிடுக்கில் செருகிக்கொண்டார். கன்னப் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவர், கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. ஒரு வாண்டு வந்து, "ஐஸ் எங்க தாத்தா?" என்றது. கட்டை உருவிவிட்டு, "தின்னுட்டன்" என்றார் குழறலாக.

ஏன் அந்த நேரத்தில் எடுத்தார்?

கதிர்வீச்சில் தாடைத் தசை இறுகிப்போவதுண்டு. முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டர்கூடத் திறக்கவில்லை என்றால் வாய் இறுக்கம் என்கிறார்கள். அதைத் தளர்த்தத்தான் குச்சிகள். வாய் இடம் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஆக, சாப்பிடத் தயாரானார் என்று கொள்ளலாம். ஆனால் அவருக்கான கூழ் அத்தையின் தூக்குவாளியில் இருந்தது. "எனக்கு வேலை இருக்கு, நீங்க போங்க" என்று குச்சியால் சொன்னாரோ என்னவோ.

சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-ல் அண்ணத்தில் புற்று. பின்னாளில் வாய் திறக்காமல் போகவே, துணிக் கிளிப்பை முட்டுக் கொடுத்துச் சுருட்டுப் பிடித்தாராம், எங்கோ படித்த ஞாபகம். சாப்பாட்டுக்கு அல்ல, சுருட்டுக்கு! முதலில் சிரிப்பு வந்தது.

பிறகு என் தாத்தாவின் ஞாபகம். அவருக்குப் பல் கிடையாது. அவருடைய வெற்றிலையைச் சின்ன இரும்புரலில் இடித்துத் தருவது என் வேலை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் விற்க இறங்குகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் வெற்றிலைத் தட்டு நகரும். எல்லார் வாயும் சிவந்தபிறகுதான் பேச்சே சூடுபிடிக்கும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்டது. உறவும் நோயும் ஒரே தட்டில் வந்திருக்கின்றன. நோயை வெட்டியெடுத்தபோது மாமாவுக்குத் தட்டும் போயிற்று.

சிகிச்சைக்குப் பின் வாழ்க்கை எப்படி என்றறிய ஐரோப்பியர் தயாரித்த 35 கேள்விகள் உண்டு. வீட்டார் எதிரில் சாப்பிடச் சிரமமா, மற்றவர் எதிரில் சிரமமா என்று தனித்தனியே கேட்கின்றன. நல்ல கேள்விகள்தாம். ஆனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் யார்? பங்காளி, சம்பந்தி, பால்காரர், பகையாளி... வீட்டாரா, மற்றவரா?

மாமாவை உட்காரச் சொல்வது மரியாதையா, விட்டுவிடுவது மரியாதையா? ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படி. அவரிடமே கேட்டுவிடலாம்தான். என் மனசு நோகாதபடி ஏதாவது சொல்வார். அதை நம்புவதா என்று அப்புறம் யோசிக்க வேண்டிவரும்.