சுமக்கப்பட இசைதல்: முனிவாஹனர் காட்டிய நெறி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அமலனாதிபிரான் பத்தே பாசுரங்கள் கொண்ட சிறிய பிரபந்தம். அதற்கு ஸ்வாமி வேதாந்த தேசிகன் அருளிய வ்யாக்யானத்தின் திருநாமம் ‘முனிவாஹன போகம்’. ஆழ்வார் பெற்ற பெருமாள் அநுபவத்தைச் சொல்ல வந்த நூல், அவரைச் சுமந்து சென்ற தோளையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. இது சிந்திக்கத் தக்கது.

சரித்திரம் நாம் அறிந்ததே. திருப்பாணாழ்வார் அரங்கத்து மண்ணை மிதிக்கத் தமக்குத் தகுதியில்லை என்றெண்ணி, காவிரியின் தென்கரையில் நின்றபடியே பாடி மெய்ம்மறந்திருப்பார். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். அது ஆழ்வார் செவியில் விழவில்லை. எறிந்த கல் நெற்றியில் பட்டுக் குருதி பெருகியது. பாகவதருக்கு நேர்ந்த அந்த அபசாரத்தைப் பொறாத பெரிய பெருமாள், ஆழ்வாரைத் தோளில் சுமந்து வருமாறு முனிவருக்கு நியமித்தருளினார்.

முனிவர் பணிந்ததை உலகம் கொண்டாடுகிறது, தக்கதே. ஆயினும் ஆழ்வார் இசைந்தது அதனினும் அரியது என்று நமக்குத் தோன்றுகிறது. காலால் மிதிக்கவும் அஞ்சியவர், பெருமாளுக்குக் கைங்கர்யம் செய்பவரின் தோளில் ஏற எப்படித் துணிவார்? ‘தகுதியில்லை’ என்று மேலும் மறுத்திருந்தால் அது பணிவாகத் தோன்றியிருக்கும். ஆனால் பெருமாள் திருவுள்ளத்துக்கு மாறாகியிருக்கும். தம் தாழ்ச்சியைப் பற்றிய எண்ணத்தையும் விட்டுவிட்டு, அவன் வைத்த இடத்தில் இருப்பதே பாரதந்த்ரியம்.

இந்த இசைவை நினைக்குந்தோறும் நம் நெஞ்சில் எழுகிற காட்சி ஒன்றுண்டு. 2012 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. கலிபோர்னியாவில் மொஃபெட் ஃபீல்டு அருகே பெருங்கூட்டத்தினிடையே நாமும் வானத்தை நோக்கி நின்றோம். போயிங் 747 விமானமொன்று தன் முதுகில் ‘எண்டெவர்’ என்னும் விண்ணோடத்தைச் சுமந்துகொண்டு தாழப் பறந்து வந்தது. ஆரவாரித்துக்கொண்டிருந்த சிறுவர்களும் அது தலைக்குமேல் வந்த கணத்தில் வாயடைத்து நின்றனர். சில நொடிகளில் அது கடந்து போயிற்று. அருகிலிருந்த முதியவர் ஒருவர் கைகூப்பியிருந்ததைக் கண்டோம்.

அந்த ஓடம் 25 முறை விண்வெளிக்குச் சென்று, பூமியை 4,671 தடவை வலம் வந்தது. ஒரு வலத்துக்கு ஏறத்தாழ 90 நிமிடங்களே ஆகும். அத்தகையது, புளோரிடாவிலிருந்து கலிபோர்னியா வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதுவும் பிறிதொன்றின் முதுகில், இடையிடையே இறங்கி இறங்கி. ஏனெனில் அதன் பெரிய எஞ்சின்களுக்கு எரிபொருள் தரும் தொட்டி, விண்ணேறும்போதே கழன்றுவிடும். திரும்பும்போது அது உந்துவிசையின்றிச் சறுக்கி இறங்குமே தவிர, தரையிலிருந்து தானாக எழும்ப வல்லதன்று. விண்ணை அளந்ததற்கும் மண்ணைக் கடக்க ஒரு வாஹனம் வேண்டியிருந்தது.

சுமந்த விமானமும் எளிதில் வாஹனமாகிவிடவில்லை. முன்பு பயணிகளை ஏற்றிச் சென்ற அதனை 1974-இல் நாசா வாங்கியது. இருக்கைகளில் பெரும்பாலானவற்றை அகற்றி உள்ளே வெறுமையாக்கினார்கள்; உடலை வலுப்படுத்தினார்கள்; சுமையோடு தடுமாறாதிருக்க வால் இறக்கையின் இருமுனைகளிலும் செங்குத்துத் தகடுகளைச் சேர்த்தார்கள். லோகசாரங்கரும் அப்படியே. பிறப்பு, ஞானம், பதவி என்று உள்ளே நிறைந்திருந்த அபிமானம் வெளியேறிய பின்னரே அவர் தோள் ஒரு பாகவதரைத் தாங்கும் தகுதி பெற்றது.

மற்றொன்றும் உண்டு. ஓடத்தைப் பொருத்தும் தாங்கிகளில் ஒன்றில், ‘கறுப்புப் பக்கம் கீழே’ என்று தொழிலாளர்களுக்கு வேடிக்கையாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். வளிமண்டலத்தில் மீளும்போது கடும் வெப்பத்தை ஏற்ற ஓடுகள் பதித்த பக்கம் அது. சுமப்பது அந்தப் பக்கத்தையே தன் முதுகோடு சேர்த்துக்கொள்கிறது. கன்றின் உடலழுக்கை நாவால் நக்கும் பசுவின் வாத்ஸல்யத்தைப் பூர்வாசாரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள் அன்றோ? நம் வெண்மையைக் கண்டு ஆசாரியன் நம்மை ஏற்பதில்லை. வெந்து கறுத்த பக்கத்தைத் தன்மீது வைத்துக்கொண்டு ஏற்கிறான்.

த்ருஷ்டாந்தம் ஓரளவுக்கே பொருந்தும். ஓடம் உயிரற்றது, அதற்கு இசைவுமில்லை, மறுப்புமில்லை. நமக்கு இரண்டும் உண்டு. ஆகையால்தான் இது நமக்குக் கடினமாயிருக்கிறது. உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்திய பெரியோர் பலர், முழங்கால் தளர்ந்தபின் சக்கர நாற்காலியில் ஸந்நிதிக்கு வர நாணி, வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். ‘பிறருக்குப் பாரமாக வேண்டாம்’ என்பது அவர்கள் சொல். நாம் அவர்களிடம் விண்ணப்பிப்பது இதுவே: ஆழ்வார் தோளில் ஏறியது தமக்காக அன்று, அழைத்தவனுக்காக. உங்களை அழைப்பவனும் அவனே. நாற்காலியைத் தள்ளும் மகனுக்கோ மருமகளுக்கோ சொல்ல வேண்டியது, தள்ளும் கையில் சலிப்பு வேண்டாம் என்பதே. தாமதத்தைப் பற்றிய முணுமுணுப்பும் ஒரு சிறு கல்தான். அதுவும் நெற்றியில்தான் படும்.

எண்டெவர் சுமக்கப்பட்டுச் சென்றது காட்சிப்பொருளாக, நாம் அதனைக் காண்பதற்கு. ஆழ்வார் சுமக்கப்பட்டுச் சென்றது தாம் காண்பதற்கு. திருவடியில் தொடங்கி, பீதாம்பரம், உந்தி, உதரபந்தம், திருமார்பு, கழுத்து, திருப்பவளம், திருக்கண்கள், நீலமேனி என்று ஒவ்வொன்றாகக் கண்டு, இனி வேறொன்றைக் காணவொட்டாத கண்களோடு அங்கேயே கலந்தார். தம் காலால் நடந்திருந்தால் தென்கரையைத் தாண்டியிருக்க மாட்டார். சுமக்கப்பட இசைந்தமையால் கர்ப்பக்ருஹம் வரை சென்றார்.

திருப்பாணாழ்வார் திருவடிகளே சரணம்.