நான் பார்த்தபோது கொதிக்கவில்லை

நாமக்கல்லில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. மளிகை வியாபாரி. கொல்லிமலையில் செம்மேட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்புவார். திரும்பும் வண்டியில் அன்னாசியும் வாழைத்தாரும் பலாவும் வந்து இறங்கும். இதற்கென்று ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். 2022-ஆம் ஆண்டு கோடையில் அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்தது. பழுது என்று சொல்லாமல் நோய் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அது சில நாள் வரும். பல நாள் வராது.

காரவள்ளியிலிருந்து மலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். முப்பதாவது நாற்பதாவது வளைவுக்கு மேல் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது, தண்ணீர் கொதித்துப் பொங்குகிறது என்று டிரைவர் வந்து சொன்னான். இருபத்துமூன்று வயதுப் பையன். அதிகம் பேசமாட்டான். மறுநாள் வண்டியைப் பட்டறையில் விட்டார்கள். அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். முள் நடுவில் நின்றது, அசையவில்லை.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. எதுக்கும் தெர்மோஸ்டாட்டை மாத்திப் பார்த்துரலாமுங்க" என்றார் பட்டறைக்காரர்.

மாற்றினார்கள். ஒரு வாரம் ஒரு தொல்லையும் இல்லை. பட்டறைக்காரர் கெட்டிக்காரர் என்று நண்பர் என்னிடமே புகழ்ந்தார். எட்டாம் நாள் மறுபடி கொதித்தது. அடுத்து ரேடியேட்டர் மூடி. அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீரை 120 வரை கொதிக்காமல் காப்பது. ஆகவே சந்தேகம் நியாயமானதுதான். பத்து நாள் சும்மா இருந்தது. பிறகு கொதித்தது. அப்புறம் வாட்டர் பம்ப். ஒவ்வொரு தடவையும் குணம். ஒவ்வொரு தடவையும் பணம். விட்டு விட்டு வரும் நோய்க்கு எந்த மருந்தும் கேட்டதுபோலத்தான் தோன்றும். நோய் தானாக ஒதுங்கியிருந்த நாட்களின் பெருமையெல்லாம் கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் போய்விடுகிறது. பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் அதை நம்பியிருப்பார்.

நண்பருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்வந்தார். கொதிக்கவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்து, "ஏனுங்க, நான் ஓட்டினாக் கொதிக்காத வண்டி அவன் ஓட்டினா மட்டும் எப்படிக் கொதிக்கும்? மலைநடை போக அவனுக்கு இஷ்டமில்லை. அதான் விஷயம்" என்றார்.

நான் என்ன சொன்னேன்? கதை எழுதுகிறவன், மனித மனத்தை அறிந்தவன் என்று ஊரில் ஒரு பெயர் வேறு. "இருக்கலாம். சின்ன வயசு" என்றேன். அந்த மாதம் பையனின் சம்பளத்தில் இரண்டு நாள் தாமதத்துக்காக ஒரு தொகை பிடிக்கப்பட்டது. அடுத்த மாதம் வேறு ஆள் பார்ப்பதென்றும் முடிவாகியிருந்தது.

இதில் எனக்கு ஒரு குழப்பமும் ஏற்படவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. ஒருவன் ஒன்றைச் சொல்கிறான். நாம் போய்ப் பார்க்கிறோம், காணவில்லை. உடனே அது இல்லை என்று தீர்மானிக்கிறோம். தேடியது போதுமா, தேடிய இடம் சரியா, நேரம் சரியா என்று கேட்பதில்லை. வீடுகளில் இது தினம் நடக்கிறது. யாரும் இல்லாதபோது மாமியார் சுடுசொல் பேசுகிறாள் என்று மருமகள் தாய்வீட்டில் சொல்லி அழுகிறாள். அவர்கள் வந்து பார்க்கிறார்கள். மாமியார் வாசல்வரை வந்து வரவேற்கிறாள். டிகிரி காபி கொடுக்கிறாள். "இவ்வளவு நல்ல மனுஷியைப் போய்" என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டது பொய்யல்ல. விருந்தாளி வந்த நேரத்து வீட்டைக் கண்டார்கள், அவ்வளவுதான்.

பையனைக் காப்பாற்றியது நானல்ல. சேந்தமங்கலம் சாலையில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் பையன் தானாகவே போய்ச் சொல்லியிருக்கிறான். பெரியவர் நண்பரை வரச்சொன்னார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பையன் கையிலிருந்த ஒரு நாற்பது பக்க நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். தேதி, புறப்பட்ட நேரம், பாரம், வெயிலா மேகமா, முள் ஏறிய வளைவின் எண். பதினாறு நடைகள். ஐந்தில் கொதித்திருந்தது.

"இது பொய் சொல்றவன் எழுத்து இல்லீங்க" என்றார் பெரியவர். "பொய் சொல்றவன் தினமும் கொதிச்சுதுன்னு எழுதியிருப்பான்."

நண்பர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மறுநாள் நடுப்பகலில், முழுப் பாரத்தோடு, அவரும் வண்டியில் ஏறினார். முப்பத்தெட்டாவது வளைவில் முள் ஏறத் தொடங்கியதாம். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பானெட்டைத் தூக்கி, விசிறியை விரலால் தட்டியிருக்கிறார். திருவிழாக் காற்றாடிபோல அது தாராளமாகச் சுழன்றது. சூடான எஞ்சினில் அது அப்படிச் சுழலக்கூடாது. அந்த விசிறி எந்நேரமும் எஞ்சினோடு பிணைந்து ஓடுவதில்லை. நடுவில் ஒரு கிளட்ச், அதற்குள் சிலிக்கோன் எண்ணெய். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடேறினால் முகப்பிலுள்ள உலோகச் சுருள் அசைந்து வழி திறக்கும். எண்ணெய் பாய்ந்து விசிறியைப் பிடித்து இழுக்கும். எண்ணெய் கசிந்து குறைந்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும். சமவெளியில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். பட்டறை நிழலில் நிற்கும் வண்டிக்கோ பெரிய சூடே இல்லை. பாரம், ஏற்றம், முன்னே ஊர்ந்துபோகும் பஸ், உச்சி வெயில், பின்புறமிருந்து வீசும் காற்று எல்லாம் ஒரே வேளையில் கூடும்போதுதான் விசிறி வேண்டும். அப்போதுதான் அது இல்லை என்பது தெரியும்.

கிளட்சை மாற்றினார். ரேடியேட்டர் மடிப்புகளில் அடைந்திருந்த சருகையும் தூசியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். நண்பர் பணத்தை எடுத்தபோது, "இருபது நடை போய்ட்டு வரட்டுமுங்க. வெயில்லயும் போகணும். அப்புறம் வாங்கிக்கறேன்" என்று கையை மடக்கிக்கொண்டார். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்ற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுத்தாளர்கள் கூட்டத்தில் அப்படி ஒருவரைப் பார்த்த நினைவில்லை.

இருபது நடையும் முடிந்தது. பிடித்த சம்பளத்தை நண்பர் திருப்பிக் கொடுத்தார்; "கணக்குல ஏதோ தப்பாயிருந்துது தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் அதுவும் செய்யவில்லை. என்னிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. நான் சொன்ன வார்த்தை பையனுக்குத் தெரியவும் தெரியாது.

சென்ற ஆண்டு அதே வண்டியில் மலைக்குப் போனேன். பையன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். வழியில் டீ குடிக்க இறங்கியபோது நான் அந்தப் பழைய நோட்டைப் புரட்டினேன். நண்பர் தாமே மலைக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரி இருந்தது. "முதலாளி ஓட்டினார். காலை 6 மணி. பாரம் இல்லை. மேகம். கொதிக்கவில்லை."