கட்டுப்பாடா, வாய்ப்பூட்டா?

1958-ஆம் ஆண்டு மே திங்கள். பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்து மூன்றரை ஆண்டுகளாகப் போரிட்டு வந்த அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணி, தன் ஏடான 'எல் முஜாஹித்'தில் ஒரு துயரச் செய்தியை வெளியிட்டது. முன்னணியின் மூளையெனத் திகழ்ந்த அபான் ரம்தான் போர்க்களத்திலே வீரமரணம் எய்தினார் என்பது செய்தி. உண்மை வேறு! ரம்தான் களத்திலே வீழவில்லை. ஐந்து திங்களுக்கு முன்பே, 1957 டிசம்பரில், மொராக்கோ நாட்டுக்கு வரவழைக்கப்பட்டு, அங்கே தோழர்களாலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். நெரித்தவர்களே மாலையும் சூட்டினர்.

ஏன் இந்தப் பொய்? ஒற்றுமை காக்க! மாற்றான் மகிழக்கூடாது, மக்கள் மனம் கலங்கக்கூடாது, அணி குலையக்கூடாது — இதுவே அவர்கள் கூறக்கூடிய காரணம். ரம்தான் செய்த பிழைதான் என்ன? 1956 ஆகஸ்டில் சும்மாம் பள்ளத்தாக்கில் மாநாடு கூட்டி, அரசியல் தலைமைக்குப் படைத்தலைமை கட்டுப்பட வேண்டும், நாட்டுக்குள் நின்று போரிடுவோருக்கே முதலிடம் வேண்டும், தனியொருவர் தலைமை கூடாது என்று முடிவெடுக்கச் செய்தவர் அவர். துப்பாக்கி ஏந்தியோரைப் பார்த்து, "நீர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?" என்று கேட்டார். கேட்ட வாயை மூடினர்.

அடிமைத்தளை அறுக்கக் கிளம்பிய அமைப்புகளில் சில ஏன் கட்டுக்குலையாது நிற்கின்றன, சில ஏன் கண்ணாடிக் கலமெனச் சிதறுகின்றன என்ற கேள்விக்கு, "பொது எதிரி இருந்தால் போதும், ஒற்றுமை தானே வரும்" என்று எளிதாக விடையிறுப்போர் உண்டு. அவர்களை நாம் அங்கோலாவுக்கு அழைக்கிறோம். எதிரி ஒருவனே, போர்ச்சுகல். எதிர்த்தோரோ மூன்று அணி! 1956-இல் அரும்பிய எம்.பி.எல்.ஏ., ஹோல்டன் ராபர்ட்டோவின் எப்.என்.எல்.ஏ., அதிலிருந்து முறித்துக்கொண்டு வெளியேறிய ஜோனஸ் சவிம்பி 1966-இல் நிறுவிய யூனிட்டா. மூன்றுக்கும் மூன்று வட்டாரம், மூன்று இனத்தாரின் ஆதரவு. ஒன்றுக்கு மாஸ்கோவும் ஹவானாவும் கை கொடுத்தன. மற்றொன்றுக்கு ஜயரும் அமெரிக்காவும். பிறிதொன்றுக்கு, கறுப்பரைக் கால்தூசென மதித்த வெள்ளை ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா! ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். இங்கே ஊர் மூன்றுபட்டது, கூத்தாடிகளுக்குக் கணக்கேயில்லை. 1975 நவம்பர் 11-இல் விடுதலை நாள் வந்தபோது, லுவாண்டாவில் ஓர் அரசும் ஹுவாம்போவில் மற்றோர் அரசும் அறிவிக்கப்பட்டன. சவிம்பி களத்தில் மடிந்த 2002 வரையில், இடையிடையே ஓய்ந்தும் மூண்டும், அந்தப் போர் எரிந்தது.

பல இனத்தார் வாழும் நாடாதலால் பிளந்தது என்று சமாதானம் கூறலாம். அதே போர்ச்சுகலின் பிடியில், அதே ஆண்டுகளில், அதே கண்டத்தில் இருந்த கினி-பிசாவு இந்தச் சமாதானத்தை ஏற்க மறுக்கிறது. பலாந்தா, பூலா, மந்திங்கா, மஞ்சாக்கோ, பப்பேல் என்று அந்தச் சின்னஞ்சிறு நாட்டிலும் இனங்கள் பல. பூலா தலைவர்களில் பலர் போர்ச்சுகல் பக்கம். அண்டை நாடான செனகலில் போட்டி அமைப்பு ஒன்றும் இருந்தது. பிளவுபட வேண்டிய காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் 1956-இல் தோன்றிய ஆப்பிரிக்க விடுதலைக் கட்சி, 1963 ஜனவரியில் ஆயுதம் ஏந்தி, விடுதலை காணும் வரையில் ஒரே அமைப்பாக நின்றது. எப்படி?

தலைவர் அமில்கார் கப்ராலின் அறிவாற்றலே காரணம் என்பர். அறிவாளிதான், ஐயமில்லை. வேளாண் பொறியியல் பயின்றவர். 1953-இல் வேளாண்மைக் கணக்கெடுப்புக்காக ஊர் ஊராகச் சென்று, எந்த மண்ணில் எவர் எதை விளைவிக்கிறார் என்று கண்டவர். ஆனால் அறிவாளிகள் அங்கோலாவிலும் இருந்தனர், எம்.பி.எல்.ஏ.யின் அகஸ்டினோ நெட்டோ மருத்துவர், கவிஞர். தலைவரின் திறமையைக் காட்டிலும் நாம் உற்று நோக்க வேண்டியது, 1964 பிப்ரவரியில் தெற்கே கஸக்கா என்னுமிடத்தில் கூடிய மாநாட்டை.

போர் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. வெற்றி மேல் வெற்றி. வெற்றியோடு விபரீதமும் வளர்ந்தது. சில தளபதிகள் தத்தம் வட்டாரத்தில் குறுநில மன்னர்களாயினர். பெண்டிரை வலுவில் கவர்ந்தனர். சூனியக்காரர் எனப் பழி சுமத்தி உயிர் பறித்தனர். தலைமையின் ஆணையைத் தள்ளினர். வெள்ளையன் போனான், கொள்ளை போகவில்லை என்ற நிலை உழவனுக்கு!

அதே நாட்களில், கோமோ தீவிலே போர்ச்சுகல் படை பெருந்தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தது. கணக்குப் பார்க்கும் அரசியல்வாதி என்ன சொல்லியிருப்பான்? "இப்போதா? எதிரி வாயிலில் நிற்கும்போதா? போர் முடியட்டும், பிறகு விசாரிக்கலாம்." எத்தனை இயக்கங்களின் நாவில் எத்தனை முறை தவழ்ந்த சொற்கள் இவை! கப்ரால் அப்போதே விசாரித்தார். குற்றம் புரிந்த தளபதிகளின் படைக்கலம் பறிக்கப்பட்டது, சிலர் சிறைப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். உயிர் பறித்ததை நாம் போற்றவில்லை. போர்க்களத்து விசாரணை நீதிமன்றத்துக்கு ஈடாகாது. எனினும், கேள்வி கேட்டவரை மறைவாகக் கொன்று பொய் அறிவித்ததற்கும், உழவரை வதைத்தவரை மாநாட்டிலே நிறுத்திக் கேள்வி கேட்டதற்கும் உள்ள தொலைவை மறுக்க இயலுமா?

தண்டித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தனித்தனிக் குழுக்கள் கலைக்கப்பட்டு, அரசியல் தலைமைக்குக் கட்டுப்பட்ட ஒரே படை அமைக்கப்பட்டது. ஊர்தோறும் ஐவர் குழு. அவர்களில் இருவரேனும் பெண்கள்! பெண்ணைக் கவர்ந்து சென்றவன் நடமாடிய ஊரிலே, பெண் அமர்ந்து வழக்கு உரைக்கும் நிலை. உழவரின் நெல்லுக்குத் துணியும் பிற பண்டங்களும் மாற்றித் தரும் மக்கள் கடைகள். எந்த இனத்தவராயினும் ஒரே கடை, ஒரே குழு, ஒரே பள்ளி. செனகலில் இருந்த போட்டி அமைப்பு அலுவலகம் வைத்திருந்தது, ஊர் வைத்திருக்கவில்லை.

வெளியாரின் உதவி இவர்களுக்கும் வந்தது. சோவியத் கருவிகள், கியூபாவின் மருத்துவர்கள், கொனாக்ரியில் தலைமையகம் எல்லாம் உண்டு. ஆனால் பெற்ற கை ஒன்று. அங்கோலாவிலோ, மனக்கசப்புற்ற தளபதிக்கு மறுநாளே புது வாசல் திறந்தது. புதுப் புரவலர் கிடைத்தார். ஊராரின் சோற்றை உண்பவன் ஊராருக்கு அஞ்சுவான். அயலான் அனுப்பும் பெட்டியை எதிர்பார்ப்பவன் எவருக்கு அஞ்சுவான்? 1965-இல் கப்ரால் கட்சியினருக்கு விடுத்த கட்டளையோ, மக்களிடம் எதையும் மறைக்கலாகாது, தோல்வியை வெற்றியெனக் காட்டலாகாது என்று வற்புறுத்தியது. 'எல் முஜாஹித்'தின் இரங்கற் செய்தியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

அல்ஜீரிய முன்னணியும் போர் முடியும் வரையில் உடையவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றுமையைக் கத்தியாலும் காக்க முடியும் என்பதை நாம் மறுக்கவில்லை. 1957 மே மாதம், போட்டி அமைப்பை ஆதரித்தனர் என்பதற்காக மெலூஸா பகுதியில் ஏறத்தாழ 300 ஊரார் முன்னணியினரால் கொல்லப்பட்டனர். அச்சம் அணிகளை இறுக்கியது. 1962 ஜூலையில் பிரான்சு வெளியேறியது. அச்சத்தின் காரணமும் உடன் வெளியேறியது. அந்தக் கோடையிலேயே எல்லைப் படையும் உள்நாட்டுப் படைகளும் ஒன்றையொன்று சுட்டன. "ஏழாண்டு போதும்!" என்று மக்கள் தெருவில் இறங்கிக் கதறினர். 1965 ஜூனில் படைத்தலைவர் பூமதியன் ஆட்சியைக் கவர்ந்தார். அரசியலுக்குப் படை கட்டுப்பட வேண்டும் என்றவரின் கல்லறைக்கு மேல் எழுந்த ஆட்சி!

கினிக்கு நாம் மாசற்ற புகழ் பாட முனையவில்லை. 1973 ஜனவரி 20-இல் கொனாக்ரியில் கப்ராலைச் சுட்டு வீழ்த்தியவர்கள் அவருடைய கட்சியினரே. கேப் வேர்டு தீவினர் தலைமையில் மிகுந்திருந்தமை கண்டு பெருநிலத்தார் கொண்ட புகைச்சல், போர்ச்சுகல் ஒற்றர்களின் கை என்று காரணங்கள் பேசப்படுகின்றன. தலைவர் வீழ்ந்தார், கட்சி வீழவில்லை. எட்டுத் திங்களில், செப்டம்பர் 24 அன்று, விடுதலை பெற்ற காட்டுப் பகுதியிலிருந்து தனி அரசு அறிவித்தது. ஊர்க்குழுக்கள் நின்றன, ஆகவே அதுவும் நின்றது.

பிறகு தலைநகர் வந்தது, நாற்காலி வந்தது. ஊர்க்குழுக்கள் ஒளி குன்றின. போர்ச்சுகல் படையில் பணியாற்றிய ஆப்பிரிக்க வீரர்கள் பலர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். ஊரார் அறியவில்லை, எவரும் அவர்களைக் கேட்கவுமில்லை. 1980 நவம்பரில், தென்முனையில் புகழ் பெற்ற தளபதி வியெரா, கப்ராலின் தம்பி லூயிசின் ஆட்சியைக் கவிழ்த்தார். கேப் வேர்டினர் பிரிந்து தனிக் கட்சி கண்டனர். புதிய ஆட்சியாளர் முதற்காரியமாகச் செய்தவற்றுள் ஒன்று, பழைய ஆட்சியின் புதைகுழிகளைத் தோண்டி உலகுக்குக் காட்டியது. கஸக்காவில் கேட்ட கேள்வியை, பதினாறு ஆண்டுகள் கழித்து, எலும்புகளை அருகில் வைத்துக்கொண்டு கேட்டனர்.